அணில் இழுத்த பூ

தோட்டத்து வீடு,
கோபிசெட்டிபாளையம் வழி.
ஆனி மாதம், 1996.

மரியாதைக்குரிய சிங்காநல்லூர் அத்தை அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகள் சண்முகப்பிரியா கும்பிட்டு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, சித்தப்பா, நான், மாடு கன்றுகள் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே உங்களுக்கும் மாமாவுக்கும் அப்படியே இருக்க வேண்டும். மாமாவுக்கு மில்லில் இரவு ஷிப்டு மாறிவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். நீங்கள் வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று "வாங்க அத்தை" என்று சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும் என்பதால், இவ்வளவு நீளக் கடிதத்தைப் பார்த்ததும் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைத்துவிட வேண்டாம். நானேதான் எழுதுகிறேன். வாயால் சொல்லிப் பார்த்து, முடியாமல், அலுத்துப் போய் எழுதுகிறேன்.

விஷயம் வெள்ளியங்கிரி சித்தப்பாவின் கல்யாணம். போன திங்கட்கிழமை அப்பா பூத்தில் நின்றுகொண்டு உங்கள் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, "அம்மன் பூக் குடுத்துட்டா, வலது பக்கம் உழுந்துருச்சு" என்று ரோட்டில் போகிற பஸ்ஸுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார் அல்லவா. அத்தை, அந்தப் பூவை அம்மன் கொடுக்கவில்லை. ஓர் அணில் இழுத்துப் போட்டது. பார்த்தது நான் ஒருத்திதான். வருகிற புதன்கிழமை பெண் வீட்டோடு உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்யப் போகிறார்கள். அதற்குள் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், அல்லது சாகிறவரை சொல்லாமல் இருக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் வரும். ஜாதகம் பொருந்தி, பெண் பிடித்து, எல்லாம் பேசி முடித்த பிறகு, தோட்டத்து ஓரத்தில் இருக்கும் நம் அம்மன் கோயிலுக்குப் போய், அம்மனுடைய இரண்டு தோளிலும் ஈரப்பூச் செண்டு ஒவ்வொன்று ஒட்டவைத்து, விளக்கேற்றிவிட்டு எதிரே நிற்க வேண்டும். வலது தோள் பூ முதலில் விழுந்தால் செய்யலாம், இடது தோள் பூ விழுந்தால் செய்யக்கூடாது. சித்தப்பாவின் கஷ்டம் என்னவென்றால், அவருக்கு இந்தப் பக்கமும் விழாது, அந்தப் பக்கமும் விழாது. எத்தனை பெண் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் காலையில் போய் நிற்போம், பூ கல்லில் ஒட்டிக்கொண்டே வாடும், சாயங்காலம் பூசை செய்கிற பண்டாரம் "அம்மன் இன்னும் யோசன பண்றா, அடுத்த அமாவாசைக்கு வாங்க" என்பார். அடுத்த அமாவாசைக்குள் பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். பல வருஷத்து எண்ணெய் கல்லில் பிசுக்காக ஏறியிருப்பதால்தான் பூ விழவில்லை என்றும், "அம்மனுக்கு ஒருதரம் அரப்புத் தேச்சுக் குளிக்க வெச்சாப் பூ தன்னால உழும்" என்றும் மாமா ஒரு நோம்பித் திருவிழாவுக்கு வந்தபோது சொன்னதும், அதற்காக அப்பா அவரோடு அடுத்த நோம்பி வரை பேசாமல் இருந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இதற்கு நடுவில் சித்தப்பாவுக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. பெண் பார்க்கப் போகிற அன்று மீசைக்கு மை போடுவார், பூ விழாமல் திரும்பி வந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்ப்பார். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். அதைப் பார்க்கத்தான் முடியாது.

இனி அணிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், பிறகு போகவில்லை. மாடு மேயும் நேரத்தில் பார்க்க என்ன இருக்கிறது. அணில்தான் இருக்கிறது. அதுவும் ஒரு பெண் அணில், வாலில் நுனி மட்டும் கொஞ்சம் மொட்டையாக இருக்கும், அதனால் எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். கூடு கட்டுகிற வேலையில் ஆண் அணில் ஒரு துரும்பைக்கூடத் தூக்குவதில்லை அத்தை, கிளையில் உட்கார்ந்து சத்தம் போடுவதோடு சரி. எல்லாம் அவள்தான். முதலில் முரட்டுச் சாமானாக எடுப்பாள்: தேங்காய் மட்டை நார், காய்ந்த புல், சாக்குப் பிரி. வாயால் உரித்து, முன்னங்கால் இரண்டாலும் மடித்து மடித்து, மீசை வைத்த மாதிரி வாய் நிறையக் கவ்விக்கொண்டு ஓடுவாள். அந்தச் சுவர் எழும்பிய பிறகுதான் உள்ளே மெத்தை போடுகிற வேலை. அதற்கு மெதுவான சாமான் வேண்டும். அந்த மெத்தைதான் நம் வீட்டுக்கு வந்த வினை.

முதலில் வீட்டு ஓட்டுக்கு அடியில்தான் கட்டினாள். மெத்தைக்கு அப்பாவுடைய மொபெட் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்பா காலையில் பால் ஊற்றிவிட்டு வந்து நிறுத்துவார், நிழல் திரும்புவதற்குள் சீட்டில் ஒரு கைப்பிடி பஞ்சு குறைந்திருக்கும். கடைசியில் கம்பி மேலேயே உட்கார்ந்து பால் சொசைட்டிக்குப் போய்வந்தார். "மேடு பள்ளமெல்லாம் இப்ப எனக்கு மனப்பாடம்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் அம்மா புதுச் சேலையைக் கொடியில் போட்டிருந்தபோது அதன் குஞ்சத்தை ஒன்று விடாமல் அறுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா என்னைத்தான் பிடித்தார்கள்.

"நாள் பூரா அதையவே பாத்துட்டு உக்காந்திருக்கறயே, சேலைய அறுக்கறப்ப மட்டும் எங்க போனே?"

"அறுக்கறப்பவும் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்."

"பாத்துட்டு?"

"அம்புட்டு நேர்த்தியா அறுத்துச்சுங்கம்மா."

அதற்கு அம்மா செய்ததை எழுதவில்லை. அன்றைக்கே அப்பா குச்சியை விட்டு ஓட்டுக்கு அடியில் குத்தினார், அணில் கூட்டைக் கைவிட்டுவிட்டு ஓடிவிட்டாள். போய்ச் சேர்ந்த இடம் நம் கோயில். முன்மண்டபத்தில் ஒரு பழைய ஒலிபெருக்கிக் குழாய் தொங்குகிறதே, போன நோம்பியில் மைக்செட்டு புகைந்து போனதிலிருந்து அது சும்மாதான் கிடக்கிறது, அதற்குள் புதிதாகக் கட்ட ஆரம்பித்தாள். தினமும் காலையில் கோயில் வாசல் கூட்டிக் கோலம் போடுவது நான் என்பதால் எனக்குத் தெரியும். இடத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் குச்சி வரும். மறுபடியும் முதலிலிருந்து நார் உரித்து, சுவர் எழுப்பி, குட்டி போடுகிற நேரத்தில் அவளுக்கு அத்தனை வேலையும் ரெட்டிப்பாகிவிட்டது. அவளைப் பார்க்கவே எனக்குக் களைப்பாக இருந்தது.

இப்படி இருக்கும்போது சித்தப்பாவுக்கு நாகமணி அக்கா ஜாதகம் வந்தது. கோபியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறார்கள், முப்பத்தோரு வயது, நன்றாகப் பேசுகிறார்கள். பெண் பார்க்கப் போனபோது நானும் போனேன். காபி டம்ளரை என்னிடம் நீட்டி, "நீ தானாவே பேசாம இருக்கறவளா, இல்ல பேச உடமாட்டீங்கறாங்களா?" என்று கேட்டார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் சித்தப்பா தானாகச் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்தது, இந்தத் தடவையும் அம்மன் யோசித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று.

திங்கட்கிழமை விடிந்ததும் கோயிலுக்குப் போனோம். சித்தப்பா வழக்கம்போல முன்னாடியே போய் உள்ளே கழுவிவிட்டு, பஞ்சைத் திரித்துத் திரி போட்டு, விளக்கேற்றி வைத்திருந்தார். பண்டாரம் கந்தப்பன் செவ்வரளிச் செண்டு இரண்டை வாழைநாரில் கட்டி, தண்ணீரில் நனைத்து, இரண்டு தோளிலும் வைத்தார். அவருக்குக் கண் பார்வை மட்டம், தடவித் தடவித்தான் வைப்பார். நாங்கள் எதிரே நின்றோம். நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். வெயில் ஏறியது. முதலில் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த அப்பா பிறகு கண்ணை மூடிக்கொண்டு "தாயே, ஒரு வார்த்த சொல்லு" என்று முனகிக்கொண்டிருந்தார். அம்மா தூணில் சாய்ந்து, சாய்ந்தபடியே தூங்கிப் போனார்கள். பண்டாரம் வெற்றிலையைத் துப்பப் போனவர் கிணற்றடியிலேயே நின்றுவிட்டார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கண்ணைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான், அதுவும் பூவுக்காக இல்லை. சாளரத்து ஓட்டையில் மொட்டை வால் ஒன்று தெரிந்தது.

உள்ளே வந்தாள். அம்மனைச் சுற்றி வளைவாக நிற்கிற திருவாசி மேல் ஒரு ஓட்டம் ஓடினாள். நின்றாள், வாலை ஆட்டினாள், எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அம்மனுடைய வலது தோளில் இறங்கி, பூவுக்கு அடியில் மூக்கை விட்டு, எதையோ கவ்வி இழுத்தாள். செண்டு கட்டிய நாருக்காகத்தான் என்று நினைக்கிறேன். பூ சரிந்தது, அவள் சாளரத்தில் ஏறிப் போய்விட்டாள், பூ கீழே விழுந்தது. விழுந்த சத்தத்தில்தான் அப்பா கண்ணைத் திறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து, என்ன ஏது என்று கேட்காமலே குலவை போட்டார்கள். பண்டாரம் வாயில் தண்ணீரோடு ஓடி வந்தார். நான் வாயைத் திறந்தேன் அத்தை, உண்மையாகவே திறந்தேன். ஆனால் குலவைக்கு நடுவில் அணில் என்று சொன்னால் யாருக்குக் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று தேடினேன். மாட்டுத் தொழுவத்தில் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் தல நரைக்கறதுக்கு நாந்தான் காரணம்னு ஊரே பேசுச்சு அம்மணி. பேசாட்டியும் எனக்குத் தெரியும். இன்னிக்குத்தான் நெஞ்சுல இருந்த கல்லு எறங்குச்சு. நீ என்ன சொல்ல வந்தே?" என்றார். நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வந்தேன் என்றேன்.

அம்மாவிடம் போனேன். அம்மா பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள். "அம்மா, அந்த அணிலு" என்று ஆரம்பித்தேன். "அந்தப் பேச்ச இன்னொருக்கா எடுத்தீன்னா சீமாத்துலயே போட்டுருவேன், என்ற சேலைக்கு இன்னும் குஞ்சம் கட்டலை" என்றார்கள். அதோடு சரி.

கடைசியாகப் பண்டாரத்திடம் போனேன். அவர் கோயில் வாசலில் நான்கு பேரை உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் போகிறவரை வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

"ஏனுங்க, அன்னிக்குப் பூ உழுந்தப்ப நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம என்ன கண்ணு? இந்தக் கண்ணால பாத்தேன். மொதல்ல அம்மன் மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. பொறவு தோளு லேசா அசைஞ்சுது. பூ சொய்யுன்னு எறங்குச்சு."

"நீங்க கெணத்துப் பக்கம் இருந்தீங்களே."

"அங்கிருந்தே பாத்தேன்."

"இல்லீங்க, உள்ள அணிலு ஏதாச்சும்..."

"அணிலா? கோயிலுக்குள்ள அணிலு வருதா? நாளைக்கே எலிப்பொறி வெச்சுப்போடறேன்."

"ஐயோ இல்லீங்க, எங்கூட்டு அணிலைச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பொய். அம்மன் வாசலில் நின்று சொன்ன பொய். அடுத்த நாள் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் தன் காட்டு நிலத்தை விற்கலாமா என்று பூக்கேட்க வந்தார். நாள் முழுக்க நின்றும் பூ அசையவில்லை. அவர் மனசில் சுத்தம் இல்லை என்று பண்டாரம் சொல்லி அனுப்பிவிட்டார். அணில் குழாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரியும். மெத்தை வேலை முடிந்துவிட்டது, இனிமேல் அவள் வர மாட்டாள்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள் அத்தை. நான் சொல்லிவிட்டால் அப்பா மறுபடி பூக்கேட்பார், அது மறுபடி விழாது, நாகமணி அக்கா வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள், சித்தப்பா கிணற்றடியில் உட்கார்ந்து மீசையைத் தேய்ப்பார். சொல்லாமல் விட்டால், நாளைக்குச் சித்தப்பா குடித்தனத்தில் ஒரு மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால்கூட, அம்மன் வேண்டாம் என்று சொல்ல இருந்ததை நான் மறைத்ததால்தான் என்று எனக்குத் தோன்றும். தெரிந்திருந்தும் சொல்லாதவள் நான் ஒருத்திதானே. இந்தப் பாரத்தை எடுத்துக்கொண்டு மாட்டின் பின்னால் நடக்க முடியவில்லை.

நம் வீட்டில் பூக்கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டது நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் மாமாவுக்குச் சின்ன வயதிலேயே தலை வழுக்கையாகிவிட்டது என்று அப்பா இன்னும் சொல்கிறார். வழுக்கையைத் தவிர உங்களுக்கு வேறு குறை ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. அதனால் நீங்கள் புதன்கிழமைக்கு முன்னாடியே புறப்பட்டு வந்து அப்பாவிடம் பேச வேண்டும். "பூ எதுக்குங்கண்ணா, எனக்கென்ன கெட்டுப்போச்சு?" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பூவே வேண்டாம் என்றாகிவிட்டால் அதைக் கொடுத்தது அம்மனா அணிலா என்கிற கேள்வியே இல்லை. சித்தப்பாவுக்கும் கல்யாணம் நடக்கும், நானும் பொய் சொல்லாதவள் ஆவேன். ராத்திரியெல்லாம் யோசித்ததில் எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். எனக்காக இதுவரை நான் உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்க வாய் வராததுதான் காரணம்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வழுக்கையைப் பற்றி எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். உங்கள் இருவருக்கும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசு வேண்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றால், இந்த வாரம் அம்மன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அடுத்த வாரம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள அண்ணன் மகள்,
சண்முகப்பிரியா

பின்குறிப்பு: உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியும் விட்டேன். தபால்காரரிடம் கொடுப்பதற்கு முன்னால், சம்பந்தப்பட்டவரிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வது நியாயமில்லை என்று தோன்றியதால், வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போனேன். அதனால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன்.

"சித்தப்பா, அன்னிக்குப் பூவ அம்மன் குடுக்கலீங்க. அணிலு இழுத்துச்சு" என்றேன்.

அவர் மடையை அடைத்துக்கொண்டே, "தெரியும் அம்மணி" என்றார்.

"நீங்களும் பாத்தீங்களா?"

"பஞ்ச வெச்சதே நாந்தானே."

எனக்குப் புரியவில்லை. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "கொழாய்க்குள்ள அது கூடு கட்டறத நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். திரி போடறப்பவே தோளு மேல பஞ்சு வெச்சுப்போட்டேன். பண்டாரத்துக்குக் கண்ணு தெரியாது, அது மேலயே பூவ வெச்சாரு. நீதான தெனமும் சோறு திங்கறப்பச் சொல்லுவே, இப்ப உள்ள மெத்த போடறா, பஞ்சக் கண்டா உடமாட்டான்னு."

நான் சாப்பிடும்போது சொல்வதையெல்லாம் இந்த வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். "அது தப்புங்களே சித்தப்பா. நீங்களா வலது பக்கம் வெச்சா எப்படிங்க?" என்றேன்.

"வலது பக்கம் மட்டும் வெச்சாத்தான கண்ணு தப்பு. ரெண்டு பக்கமும் வெச்சேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"எடது பக்கம் இன்னுங் கொஞ்சம் சேத்தியே வெச்சேன். சாளரம் அந்தப் பக்கந்தான இருக்குது, அதுக்குக் கிட்ட. வேண்டாம்னு வந்தாலுஞ் செரி, இன்னிக்காச்சும் ஒரு பதிலோட ஊட்டுக்குப் போயிரலாம்னு இருந்துச்சு. இந்த நின்னுட்டு நின்னுட்டுத் திரும்பி வாரது மட்டும் என்னால முடியல." அதைச் சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பப் போய்விட்டார்.

ஆகையால் அத்தை, மேலே எழுதிய எதையும் அப்பாவிடம் பேச வேண்டாம். பூ வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். புதன்கிழமை மட்டும் மாமாவோடு வந்துவிடுங்கள். காலையிலிருந்து கோயில் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாளரத்துக்குப் பக்கத்தில் இடது தோள், அதில் நிறையப் பஞ்சு. குட்டிக்கு மெத்தை போடுகிற அவசரத்தில் இருந்த ஓர் அணில், அதை விட்டுவிட்டுத் திருவாசியைச் சுற்றிப் போய் வலது தோளில் இறங்க ஒரு காரணமும் இல்லை. ஏன் அப்படிப் போனாள் என்று, இவ்வளவு நாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை.